குனூ கோர்யூட்டில்ஸ் 9.7: தரநிலைக்கும் பழைய ஸ்கிரிப்டுகளுக்கும் நடுவே

2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 லினக்ஸ் வினியோகத்தில் குனூ கோர்யூட்டில்ஸ் 9.7 இடம்பெற்றிருக்கிறது. எல்எஸ், சிபி, ஹெட், டெயில், சார்ட், டிஎஃப், டேட் என்று லினக்ஸ் கணினியில் நாள்தோறும் கைபடும் ஏறத்தாழ நூறு சிறு கட்டளைகளின் தொகுப்பு இது. விலை இல்லை, கட்டற்ற மென்பொருள். கடலூரிலும் புதுச்சேரியிலும் சிறு நிறுவனங்களின் கணினிகளைப் பராமரிப்பதே என் தொழில் என்பதால், இந்தத் தொகுப்பை மஞ்சக்குப்பத்தில் ஒரு கணக்கு அலுவலகத்திலும், முதுநகர் துறைமுகத்தை ஒட்டிய ஒரு மீன் மொத்த வியாபாரியிடமும், புதுச்சேரியில் ஓர் அச்சகத்திலும் நிறுவி, அவர்களுடைய பழைய ஸ்கிரிப்டுகளை (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்புகளை) அதன்மேல் ஓட்டிப் பார்த்தேன். வேகம், புதிய வசதிகள் ஆகியவற்றை இங்கே நான் எடைபோடப் போவதில்லை. எழுதப்பட்ட தரநிலைக்கும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்டுகளுக்கும் ஒரே நேரத்தில் இந்தத் தொகுப்பு எப்படிப் பதில் சொல்கிறது என்பது ஒன்றே என் கேள்வி.

இந்தக் கேள்வி எங்கள் பகுதியில் ஏட்டளவில் நிற்பதில்லை. 2000-ஆம் ஆண்டையொட்டி யாரோ ஒரு கல்லூரி மாணவர் எழுதிக் கொடுத்த ஷெல் ஸ்கிரிப்ட், கணினி நான்கைந்து முறை மாறிய பின்னும், இரவு பதினொரு மணிக்கு, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரான் மூலம் தானே எழுந்து அன்றைய கொள்முதலைக் கூட்டி, காலையில் அறிக்கையாகத் தருகிற இடங்கள் இங்கே நிறைய உண்டு. எழுதியவர் எங்கேயோ வேலைக்குப் போய்விட்டார். அந்த வரிகளுக்குப் பொருள் சொல்ல ஆளில்லை. முதுநகர் வியாபாரியிடம் நீண்ட காலமாகக் கணக்குப் பார்ப்பவர், புதிய கணினியை நான் அமைக்க வந்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்: “சார், உள்ளே நீங்க என்ன வேணும்னாலும் மாத்திக்குங்க. காலையில தாள் மட்டும் நேத்து வந்த மாதிரியே வரணும்.” பின்னோக்கிய இணக்கம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

அப்படியிருக்க, நேற்று வந்த மாதிரியே வருவதற்கு என்ன தடை? யூனிக்ஸ் கட்டளைகள் 1970-களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டன. அவை எல்லா யூனிக்ஸ் வகைகளிலும் ஒரேபோல நடந்துகொள்வதற்காக வகுத்த போசிக்ஸ் தரநிலையின் முதல் பகுதி 1988-இலும், ஷெல்லையும் கட்டளைகளையும் வரையறுக்கும் பகுதி 1992-இலும்தான் வெளியாயின. அதாவது பழக்கம் முந்தி வந்தது, சட்டம் பிந்தி வந்தது. கட்டளையின் நடத்தையை மாற்றும் ஆப்ஷன் என்றால் ஒரு சிறு கோடும் ஓர் எழுத்தும் என்பது தரநிலை விரும்பிய ஒழுங்கு. ஆனால் அதற்கு முன்பே, கோப்பின் முதல் ஐந்து வரிகளைக் காட்ட ‘ஹெட் -5’ என்று எண்ணையே ஆப்ஷனாக எழுதுவதும், ‘டெயில் +2’ என்று கூட்டல் குறியோடு எழுதுவதும், இரண்டாவது புலத்தை வைத்து வரிசைப்படுத்த ‘சார்ட் +1 -2’ என்று எழுதுவதும் ஊரெல்லாம் பரவியிருந்தன. 1992 பதிப்பு இவற்றை வழக்கொழிந்தவை என்று குறித்துவிட்டுச் சகித்துக்கொண்டது. 2001 பதிப்பு நீக்கிவிட்டது. அதன்படி ‘ஹெட் -என் 5’ என்றும், ‘டெயில் -என் +2’ என்றும், ‘சார்ட் -கே 2,2’ என்றும்தான் எழுத வேண்டும்.

நீக்கியதன் விளைவைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பழைய வழக்கில் ‘டெயில் +2 கொள்முதல்’ என்றால், கொள்முதல் என்ற கோப்பின் இரண்டாவது வரியிலிருந்து கடைசி வரை காட்டு என்று பொருள். முதல் வரியில் உள்ள தலைப்பை நீக்கிவிட்டுத் தரவை மட்டும் எடுப்பதற்கு எல்லோரும் கையாண்ட வழி இது. 2001 தரநிலையின்படி ‘+2’ என்பது ஒரு கோப்பின் பெயர். குனூ குழுவினர், தங்களுடைய மூன்று பழைய தொகுப்புகளை இணைத்து 2003-இல் கோர்யூட்டில்ஸ் 5.0-ஐ வெளியிட்ட அந்தக் காலகட்டத்தில், தரநிலையின் சொல்லுக்கு அப்படியே கட்டுப்பட்டார்கள். ‘டெயில் +2’ இல்லாத கோப்பைத் தேடியது. ‘ஹெட் -1’ கூட மறுக்கப்பட்டது. மென்பொருள்களை மூலத்திலிருந்து தொகுக்க உதவும் எத்தனையோ அமைப்பு ஸ்கிரிப்டுகள் உலகெங்கும் ஒரே நேரத்தில் முறிந்தன. தவறே செய்யாத ஸ்கிரிப்டுகள் அவை. எழுதப்பட்ட நாளில் செல்லுபடியான நடையில்தான் எழுதப்பட்டிருந்தன.

அந்த இடத்திலிருந்து இந்தத் தொகுப்பு எப்படிப் பின்வாங்கியது என்பதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். ‘ஹெட் -5’ என்ற வடிவத்தால் யாருக்கும் குழப்பம் இல்லை. அதற்கு வேறொரு பொருள் தரநிலையில் ஒதுக்கப்படவும் இல்லை. ஆகவே அதை ஒரு குனூ நீட்சியாக மீண்டும் ஏற்றுக்கொண்டார்கள். கூட்டல் குறியின் கதை வேறு. ‘+2’ என்ற பெயரில் உண்மையாகவே ஒரு கோப்பு இருக்கலாம் என்பதால், தரநிலை ஒன்று சொல்லும்போது கருவி வேறொன்று செய்ய முடியாது. 2008 போசிக்ஸ் பதிப்பு, அத்தகைய சொல்லைக் கோப்புப் பெயராகவே கொள்ள வேண்டும் என்ற கட்டாயத்தைத் தளர்த்திய பிறகுதான், பழைய வடிவம் டெயிலுக்கும் சார்ட்டுக்கும், அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரி வரிகளை நீக்கும் யூனிக் கட்டளைக்கும் திரும்பக் கொடுக்கப்பட்டது. தரநிலை கதவை மூடியிருந்தவரை காத்திருந்து, திறந்ததும் பழையவர்களை உள்ளே விட்டிருக்கிறார்கள். தரநிலையை மீறாமலும் பயனரைக் கைவிடாமலும் நடந்துகொள்வது இதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

9.7-இல் சோதித்தபோது, முதுநகர் ஸ்கிரிப்டில் இருந்த ‘டெயில் +2’ வரியும் ‘சார்ட் +1 -2’ வரியும் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஓடின. பழைய கணினி தந்த அறிக்கையையும் புதியது தந்ததையும், வேறுபடும் வரிகளைக் காட்டும் டிஃப் வைத்து ஒப்பிட்டேன். ஒரு வரிகூட வேறுபடவில்லை.

ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பழைய ஸ்கிரிப்டை வைத்திருப்பவர்கள் கண்டிப்பாக இதை அறிந்திருக்க வேண்டும். டெயிலின் பழைய வடிவம் ஒரே ஒரு கோப்புக்கு மட்டுமே செல்லும். அந்த வியாபாரிக்குப் புதுச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலும் கொள்முதல் உண்டு என்பதால், பிற்காலத்தில் யாரேனும் அதே வரியின் கடைசியில் இரண்டாவது கோப்பின் பெயரைச் சேர்த்தால் என்ன நடக்கும் என்று பார்த்தேன். கட்டளை ‘+2’ என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை என்று பிழைச் செய்தி காட்டுகிறது. அத்தோடு நின்றிருந்தால் நல்லது. அது நிற்காமல், மற்ற இரு கோப்புகளின் பெயரையும் அம்புக்குறிகளுக்கு நடுவே தலைப்பாக அச்சிட்டு, ஒவ்வொன்றிலும் கடைசிப் பத்து வரிகளை மட்டும் தருகிறது. ஒரு நாளைக்கு நூறு வரிக்கு மேல் பதிவாகும் ஏலக் கணக்கில் பத்து வரி மட்டும் கூட்டலுக்குப் போகும். பிழைச் செய்திகளை வெற்றிடத்துக்கு அனுப்பும் வழக்கம் பழைய கிரான் வரிகளில் மிகச் சாதாரணம். அப்படி இருந்துவிட்டால், காலையில் தாள் வரும், தொகை இருக்கும், தொகை தவறாக இருக்கும். ஒரு கருவி தெரியாததைத் தெரியாது என்று சொல்லி நின்றுவிடுவது எவ்வளவோ மேல். பழைய வடிவத்தை ஒரு கோப்போடு ஏற்கும் கட்டளை, இரண்டு கோப்புகளைக் கண்டதும் முழுவதுமாக மறுத்துவிட வேண்டும் என்பதே என் கருத்து. தரநிலை இடம் தராததால்தான் இப்படி இருக்கிறது என்பது புரிகிறது. ஆனாலும் இந்த மதிப்புரையில் நான் குறைக்கும் மதிப்பெண்ணில் பெரும்பகுதி இதற்கே.

யார் எந்தக் காலத்து நடத்தையை விரும்புகிறார்களோ அதைத் தேர்ந்துகொள்ள கட்டளைகள் ஓடும்போது பார்த்துக்கொள்ளும் இரண்டு அமைப்புகளை, அதாவது சூழல் மாறிகளை, இந்தத் தொகுப்பு தருகிறது. ‘_போசிக்ஸ்2_வெர்ஷன்’ என்பதில் 199209, 200112, 200809 ஆகிய மதிப்புகளுள் ஒன்றைக் கொடுத்தால், கட்டளைகள் அந்தப் பதிப்புக்கு ஏற்ப நடந்துகொள்ளும். 200112 கொடுத்து ‘டெயில் +2’ ஓட்டினால், 2003-இல் பலரும் பார்த்துத் திகைத்த அதே பிழை இன்றும் வருகிறது. சோதனைக்கு இது மிக அருமையான வசதி: ஸ்கிரிப்டை வேறு யூனிக்ஸ் அமைப்புக்கு எடுத்துச் செல்லும் முன், எந்த வரி முறியும் என்பதை நம் கணினியிலேயே கண்டுகொள்ளலாம்.

மற்றொன்று ‘போசிக்ஸ்லி_கரெக்ட்’. இதற்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. டிஎஃப், டியு ஆகிய கட்டளைகள் வட்டு அளவை 512 பைட் அலகில் காட்ட வேண்டும் என்று போசிக்ஸ் வகுத்தது. மனிதர்கள் கிலோபைட்டில்தான் நினைக்கிறார்கள் என்பதால் குனூ 1024 பைட்டையே இயல்பாக வைத்துக்கொண்டு, தரநிலைப்படி வேண்டுவோருக்கு ஒரு சூழல் மாறியைக் கொடுத்தது. ‘போசிக்ஸ்’ என்ற பெயரையே பரிந்துரைத்த ரிச்சர்ட் ஸ்டால்மன்தான், தரநிலை பயனருக்குத் தொல்லையாகும் இடத்தில் அதற்குப் பணியத் தேவையில்லை என்று நிலையெடுத்தவரும் என்பதை இங்கே பதிவு செய்வது பொருத்தம். தரநிலை என்பது வழிகாட்டி, பயனர்தான் முதலாளி என்ற அந்த நிலைப்பாட்டோடு எனக்கு முழு உடன்பாடு.

ஆனால் அந்த மாறியைக் கையாளும் முறையில் கவனம் வேண்டும். சில இடங்களில் இதை உள்நுழைவுக் கோப்பிலேயே நிரந்தரமாக எழுதிவைக்கிறார்கள். அப்படிச் செய்தால் டிஎஃப் காட்டும் எண்கள் எல்லாம் இரட்டிப்பாகும். வட்டு நிரம்புகிறதா என்று எண்ணை வைத்துக் கண்காணிக்கும் ஸ்கிரிப்ட் வேறு முடிவுக்கு வரும். கோப்புப் பெயருக்குப் பின்னால் ஆப்ஷனை எழுதும் பழக்கமும் செல்லாமல் போகும்: ‘எல்எஸ் படங்கள் -எல்’ என்றால், ‘-எல்’ என்ற கோப்பைத் தேடும். ஒரே ஒரு கட்டளைக்கு முன்னால், அந்த வரியில் மட்டும், மாறியை வைப்பதே சரி. கணினி முழுவதற்கும் வைக்க வேண்டிய பொருள் அன்று இது. கையேடு இதை இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

எல்லா மாற்றமும் தரநிலையிலிருந்து வருவதில்லை. 2016-இல் வந்த 8.25 பதிப்பில், இடைவெளி உள்ள கோப்புப் பெயர்களை எல்எஸ் மேற்கோள் குறிக்குள் காட்டத் தொடங்கியது. அச்சகத்தில் ‘திருமண அழைப்பிதழ் இறுதி’ என்ற பாணியில்தான் எல்லாக் கோப்புகளுக்கும் பெயர் வைக்கிறார்கள். அவர்களுக்கு இது முதலில் உறுத்தலாக இருந்தது. நான் இந்த மாற்றத்தை ஆதரிக்கிறேன். பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது, அப்படியே நகலெடுத்து அடுத்த கட்டளையில் ஒட்டலாம். முக்கியமாக, மேற்கோள் திரையில் மட்டுமே வரும். வெளியீட்டை வேறு கட்டளைக்குக் குழாய் வழியே அனுப்பும்போது வராது. ஆகவே எந்த ஸ்கிரிப்டும் முறியவில்லை. பிடிக்காதவர்களுக்கு ‘-என்’ என்ற பெரிய எழுத்து ஆப்ஷன் இருக்கிறது.

கோப்புகளை நகலெடுக்கும் சிபி கட்டளையில் நடந்ததை அப்படிப் பாராட்ட முடியாது. இருக்கும் கோப்பை அழிக்காமல் தாண்டிச் செல்லும் ‘சிபி -என்’, 2023-இல் வந்த 9.2-இலிருந்து, தாண்டிய கோப்பு இருந்தாலே தோல்விக் குறியீட்டோடு வெளியேறத் தொடங்கியது. வேறு சில யூனிக்ஸ் அமைப்புகளோடு ஒத்துப்போகும் நோக்கம் நல்லதுதான். ஆனால் காப்பு எடுக்கும் ஸ்கிரிப்டுகள் அந்தக் குறியீட்டை நம்பியே அடுத்த அடி வைக்கின்றன. எதிர்ப்பு எழுந்து, 9.5-இல் பழைய நடத்தை திரும்பியது; வேண்டிய நடத்தையைப் பெயர் சொல்லிக் கேட்க, 9.3-இல் ‘அப்டேட்=நன்’, 9.5-இல் ‘அப்டேட்=நன்-ஃபெயில்’ என்ற தெளிவான வடிவங்களும் கிடைத்தன. டெபியன் 12-இல் இருந்தது 9.1, 13-இல் இருப்பது 9.7. எனவே நிலையான பதிப்பிலிருந்து நிலையான பதிப்புக்கு மட்டுமே மாறும் என் வாடிக்கையாளர்கள் நடுவில் நிகழ்ந்த இந்தத் தடுமாற்றத்தைப் பார்க்கவே இல்லை. சிறு நிறுவனங்களுக்கு டெபியனின் மெதுவான நடையை நான் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொகுப்புக்கு வெளியே இருந்தாலும், கோப்புகளுக்குள் சொற்களைத் தேடும் க்ரெப்பைப் பற்றி ஒரு சொல். அதன் பழைய வடிவங்களான ஈக்ரெப், எஃப்க்ரெப் இரண்டும் தரநிலையிலிருந்து எப்போதோ நீங்கியவை. குனூவும் 2007-லேயே அவற்றைக் கைவிடத்தக்கவை என்று அறிவித்தது. 2022-இல் வந்த க்ரெப் 3.8 முதல், அவை வேலையைச் செய்துகொண்டே, வழக்கொழிந்தவை என்ற எச்சரிக்கையையும் பிழை வழியில் அனுப்புகின்றன. வெளியீடு மாறவில்லை, பயனருக்குச் செய்தியும் போய்ச் சேருகிறது. கிரான் அனுப்பும் அஞ்சல் பெட்டி நிரம்புகிறது என்ற குறை உண்மைதான். இருந்தாலும் நீக்குவதற்கு முன் பதினைந்து ஆண்டு அவகாசம் கொடுத்து, பிறகும் நீக்காமல் எச்சரிக்கும் பொறுமை எனக்குப் பிடித்திருக்கிறது.

மாற்று உண்டா என்று கேட்பவர்கள் இப்போது யூயூட்டில்ஸைக் குறிப்பிடுகிறார்கள். இதே கட்டளைகளை ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதும் திட்டம் அது. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10 அதையே இயல்பாக வைத்திருக்கிறது. போசிக்ஸ் ஏட்டை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாமல், குனூவின் சோதனைத் தொகுதியையே ஓட்டிப் பார்த்து, குனூவிலிருந்து விலகும் ஒவ்வொன்றையும் பிழையாகக் கருதுவது அந்தத் திட்டத்தின் கொள்கை. இது மிகச் சரியான முடிவு. ஏனெனில் இன்று ஸ்கிரிப்டுகள் நம்பியிருப்பது தரநிலையை மட்டும் அன்று; குனூ நடந்துகொள்ளும் விதத்தையும் சேர்த்துத்தான். அந்த நடத்தையில் ஒரு சிறு இடைவெளி என்ன செய்யும் என்பதும் உடனே தெரிந்துவிட்டது. ‘டேட் -ஆர்’ என்பது ஒரு கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைக் காட்ட வேண்டும். புதிய டேட் அந்த ஆப்ஷனை மறுக்காமல் ஏற்றுக்கொண்டு, அதைக் கண்டுகொள்ளாமல், இப்போதைய நேரத்தைக் காட்டியது. அந்த விடையை நம்பியிருந்த தானியங்கிப் புதுப்பிப்பு, புதுப்பிப்புகள் வந்திருப்பதை அறியாமலே இருந்தது. பிழை விரைவில் திருத்தப்பட்டது. ‘இந்த ஆப்ஷன் எனக்குத் தெரியாது’ என்று அந்தக் கட்டளை முதல் நாளே சொல்லியிருந்தால், ஒருவருக்கும் பாதுகாப்புப் புதுப்பிப்பு தவறியிருக்காது. ரஸ்ட் திட்டத்தின்மேல் எனக்கு நல்லெண்ணம் உண்டு. ஆனால் இரவில் ஆளில்லாமல் ஓடும் கணக்குக்கு இப்போதைக்கு குனூவையே வைத்திருங்கள் என்று சொல்வேன்.

மொத்தத்தில் ஐந்துக்கு நான்கு தருகிறேன். பழைய ஸ்கிரிப்ட் வைத்திருக்கும் அலுவலகங்கள் தயக்கமின்றி டெபியன் 13-க்கு மாறலாம். மாறும் முன் கூட்டல் குறியோடு வரும் டெயில், சார்ட் வரிகளைத் தேடி எடுத்துப் புதிய வடிவத்துக்கு எழுதிவிடுங்கள். ஓடுகின்றனவே என்று விட்டுவைக்க வேண்டாம். சார்ட்டில் பழைய வடிவம் புலங்களைச் சுழியத்திலிருந்து எண்ணும், புதியது ஒன்றிலிருந்து எண்ணும் என்பதை மறக்காதீர்கள்: ‘+1 -2’ என்பது ‘-கே 2,2’ ஆகும்.

நான்காகக் குறைந்ததற்கு இரண்டாவது காரணம் நம் எழுத்து. கட் கட்டளையின் ‘-சி’ ஆப்ஷன் எழுத்துகளை எண்ணி வெட்ட வேண்டும், ‘-பி’ பைட்டுகளை எண்ணி வெட்ட வேண்டும் என்று போசிக்ஸ் தெளிவாகப் பிரித்திருக்கிறது. இந்தத் தொகுப்பிலோ, டெபியனில் கிடைக்கும் வடிவில், இரண்டும் ஒன்றே. ‘கடலூர்’ என்ற சொல் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 18 பைட். யூனிகோடு குறியீடுகள் 6. நாம் எண்ணும் எழுத்துகள் 4. எண்ணிக்கை சொல்லும் டபிள்யூசி கட்டளை ‘-சி’ கொடுத்தால் 18 என்றும், ‘-எம்’ கொடுத்தால் 6 என்றும் சரியாகவே சொல்கிறது. ஆனால் ‘கட் -சி 1’ என்று கேட்டால், ‘க’வின் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, திரையில் ஒரு கேள்விக்குறிக் கட்டத்தைப் போடுகிறது. வேறு சில வினியோகங்கள் தங்கள் ஒட்டு (பேட்ச்) ஒன்றைச் சேர்த்து இதைச் சரிசெய்து தருகின்றன, டெபியன் சேர்ப்பதில்லை. பழைய ஸ்கிரிப்டுகள் பைட் கணக்கை நம்பியிருக்கக்கூடும் என்ற அச்சம் புரிகிறது. ஆனால் அப்படி நம்புவோருக்குத்தான் ‘-பி’ இருக்கிறதே. தரநிலையும் தமிழ்ப் பயனரும் ஒரே பக்கம் நிற்கும் இந்த இடத்தில் தொகுப்பு தாமதிப்பது நியாயமில்லை.

அதுவரை, ஊர்ப்பெயரின் முதலெழுத்தை வைத்து வாடிக்கையாளர்களைப் பிரிக்கும் அச்சகம் போன்றவர்கள் கட் கட்டளையை விட்டுவிட்டு, உரையை வரிவரியாகக் கையாளும் காக் என்ற கருவியை நிறுவி, சொல்லின் ஒரு பகுதியை எடுக்கும் அதன் சப்ஸ்ட்ரிங் வசதியைக் கையாளலாம். டெபியன் இயல்பாகத் தரும், அதே வகைக் கருவியான மாக் இதற்கு உதவாது. அதுவும் பைட்டுகளையே எண்ணுகிறது. காக்கும் குறியீடுகளைத்தான் எண்ணுகிறது என்பதால், ‘கடலூர்’ என்பதில் முதல் மூன்றைக் கேட்டால் ‘கடல’ என்று வரும். ஊகாரத்தின் குறி நான்காவதாகத் தனியே நிற்கும். முதலெழுத்து உயிர்மெய்யாக இருந்தால் அடுத்த குறியீடு உயிர்க்குறியா என்று பார்த்து அதையும் சேர்த்தெடுக்க ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டியிருக்கும். அச்சகத்தில் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.